கண்ணு படல மச்சான்!

வாய்யா மச்சான். நேத்து ராத்திரியும் புவனகிரிக்கே நீதான் காவலாமே? உன் டார்ச் லைட்டு நாலு வாட்டி கொல்லப் பக்கம் போயிட்டு வந்ததப் பாத்து, தெரு நாய்ங்க கொலைக்கிறதையே வுட்டுடுச்சுங்க. கூர்க்கான்னா மாசமானா காசு கேப்பான். நீ சும்மாவே பாக்குற.

பிரஷர்காரனுக்குத் தூக்கம் வராதுன்னு தங்கச்சிகிட்ட சட்டம் பேசுனியாம். கண்ணு பட்டுடுச்சு, மொளகா சுத்திப் போடுன்னு வேற சொன்னியாம். பாதி மொளகாயக் கருவாட்டுக் கொழம்புக்கு எடுத்து வச்சிருப்ப, உன்னத் தெரியாதா?

கண்ணு படல மச்சான், உப்பு பட்டிருக்கு. பரங்கிப்பேட்டைக் கருவாட்டுக்காரம்மா தெருமுன திரும்பறதுக்குள்ள கிண்ணத்தோட நிக்கிற. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்ளதான் உப்புன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. நீ அதப் பழைய சோத்துலயே முடிச்சிட்டு, மத்தியானத்துக்குக் கருவாடு, ராத்திரிக்கு ஊறுகான்னு மேல போற. பகல்ல தள்ள முடியாத உப்ப ராத்திரில தண்ணியோட சேத்துத் தள்ளுது கிட்னி. ஜப்பான்ல, நாகசாகில, உப்ப 10.7 கிராம்லேர்ந்து 8 ஆக்குனவங்க ராத்திரி எழுந்திரிக்கிறது 2.3 வாட்டிலேர்ந்து 1.4 ஆயிடுச்சுன்னு 2017ல சொன்னாங்க. அது என்னா 0.4ன்னு கேக்காத, பாதி வழி போய்த் திரும்புனவனா இருக்கும்.

அப்புறம் அந்த நீர் மாத்திர. காலைலன்னு டாக்டரு எழுதுனத, நீயா சீரியல் முடிஞ்சப்புறம்னு மாத்திக்கிட்ட. அது வேலய அது பாக்குது, அதத் திட்டி என்னா பண்றது? மக்களைத் தேடி மருத்துவத்துல பிரஷர் பாக்க வர்ற பொண்ணுகிட்ட இதயாவது மறைக்காம சொல்லு.

மெடிக்கல் வாசல்ல தூக்க மாத்திர கேட்டு நின்னதயும் பாத்தன். அதப் போட்டுட்டு இருட்டுல கொல்லைக்குப் போயி வுழுந்தா, இடுப்பெலும்பு போச்சு. அப்புறம் படுத்துக்கிட்டேதான் இருக்கணும், தூக்கம் மட்டும் வராது.

ஒண்ணுல மட்டும் எனக்குக் கிண்டல் இல்ல. நடுவுல கண்ணசர்றப்ப நீ வுடற கொறட்ட வெள்ளாத்துப் பாலம் வரைக்கும் கேக்குது. அது கேக்கட்டும். திடீர்னு மூச்சு நின்னு, அப்புறம் திணறி இழுக்குறியாமே? அப்படி நிக்கிறப்பல்லாம் பிரஷர் ஏறும். மாத்திரைக்கு அடங்காத பிரஷருக்கும், ராத்திரி ஒண்ணுக்கு எழுப்பறதுக்கும் அதுவே காரணமா இருக்கலாம். நாளைக்கு அண்ணாமலை நகர் பெரியாஸ்பத்திரிக்குப் போவலாம், கெளம்பி நில்லு. தங்கச்சியையும் கூட்டிக்க, உன் கொறட்டைக்கு சாட்சி சொல்ல ராத்திரி முழுக்க முழிச்சிருந்தது அதுதான்.