மூச்சடக்காத வட்டிக்காரர்

தம்பி, நீங்க கொடுத்த வெள்ள நோட்டீஸை எழுத்துக்கூட்டிப் படிச்சுப்புட்டேன். 'விலையுயர்ந்த பொருட்களை உயரமான இடத்தில் வைக்கவும்'னு போட்டிருக்கு. எங்க வீட்டு நகையெல்லாம் எப்பவோ உயரத்துக்குப் போயிருச்சு, கூட்டுறவு சங்கத்து லாக்கருக்கு. வெள்ளம் என்ன, நானே நெனச்சாலும் தொட முடியாது.

அடுத்தது, 'வயலில் தேங்கும் நீரை உடனே வடிக்கவும்.' பேஷ். மேலத்தெருவுல ஒரு வீடு. மகன் சிங்கப்பூர்ல. வாட்ஸ்அப்புல "அப்பா, வடிமடையை வெட்டியாச்சா?"ம்பான், ஆள் கூலியும் அனுப்பிப்புடுவான். பக்கத்து வீட்டுல கெழவியும் பேத்தியுந்தான். ஐப்பசி மழையில நடுராத்திரி சாக்கைத் தலையில போட்டுக்கிட்டு வரப்புல நிக்கணும். மம்பட்டிக்கு ரெண்டு கை, டார்ச்சுக்கு ஒரு கை. வெட்டுன தண்ணி கீழ வயலுக்குப் பாயும், அந்த வயக்காரன் கம்போட வருவான். அவனுக்குப் பதில் சொல்ல ஒரு வாய் வேணும். பேத்திக்குக் காலையில பரீட்சை.

சிஆர் 1009 சப்-1 விதைக்கச் சொல்றீங்க. நல்ல நெல்லு, தண்ணிக்குள்ள ரெண்டு வாரம் வரைக்கும் மூச்சடக்கிக் கெடக்கும். ஆனா வயசு அஞ்சு மாசம். மேட்டூர் அணையை ஜூன் 12 தொறந்து, புதாத்து வாய்க்கால்ல தண்ணி வந்து, காலத்துல விதைச்சாத்தான் ஆச்சு. நெல்லு மூச்சடக்கும் தம்பி, வட்டிக்காரர் அடக்க மாட்டாரே. கடன் வாங்குனவன் கம்மி வயசு ரகத்தைத்தான் தேடுவான்.

2018 நவம்பர் 16, கஜா புயல் அடிச்சு நம்ம பக்கத்துத் தென்னையெல்லாம் படுத்துச்சே, அதுலேருந்து ஊரே பாடம் படிச்சிருச்சு. மாடி வீட்டுக்காரர் ஜெனரேட்டர் வாங்கிப் போட்டாரு. கூரை வீட்டுக்காரன் நிவாரணத்துல வந்த தார்ப்பாயை மடிச்சு வச்சிருக்கான்.

பயிர்க் காப்பீடு பண்ணலியாங்கறீங்க. சம்பாவுக்குக் காப்பீட்டுத் தொகையில 100க்கு ஒண்ணரை ரூவாதான் நம்ம பங்கு, கட்டிறலாம். ஆனா நஷ்டக் கணக்கு ஊருக்கு மொத்தமா போடுறது. எங்கயோ நாலு வயல்ல அறுத்துப் பார்த்துச் சராசரி எடுப்பாங்க. மேட்டு வயல் நல்லா வெளஞ்சுச்சுன்னா பள்ளத்து வயக்காரன் மூழ்கினது அந்தச் சராசரியில தெரியாது. அதனால மூழ்கறதுன்னா தனியா மூழ்காதீங்க, ஊரோட சேர்ந்து மூழ்குங்க.

குத்தகைக்காரனுக்கு அதுவும் எட்டாக்கனி. அடங்கல் வாங்க நெலத்துக்காரர் தயவு வேணும், அவரு சென்னையில இருக்காரு. இவன் பேரு அடங்கல்ல ஏறுனா நெலமே போயிருமோன்னு அவருக்குப் பயம். நான் ஒரு யோசனை சொல்லிக் கொடுத்திருக்கேன். அவரு வீட்டு விசேஷத்துக்கு ஒரு வாழைத்தாரோட முன்னாடியே போய் நில்லு, பந்தியில ரெண்டாம் தடவை பாயசம் வாங்குறப்ப அடங்கல் தாளை நீட்டுன்னு. காப்பீட்டுக் கெடுவுக்குள்ள அவங்க வீட்டுல முகூர்த்தம் ஏதும் இல்லேங்கறான். நீங்க பட்டணம் போற ஆளு, காதுகுத்தாவது இருக்கான்னு விசாரிச்சுச் சொல்லுங்க.