யாருக்குக் குல்லா போடலாம்?

“மழைக்காலம் முடியப்போகிறது, குளிர் வரப்போகிறது. உல்லன் நூலும் ஊசியும் எடுங்கள், உங்களுக்கு அல்ல, இன்னொருவருக்கு” என்று சென்ற இதழில் நான்கு வரி எழுதியிருந்தேன். கேள்விகள் பை நிறைய வந்துவிட்டன. பாதிக்கு மேல் ஆபீஸ்களிலிருந்து! அதைவிட எனக்கு என்ன சந்தோஷம் வேண்டும்? இதோ பதில்கள்.

மென்பொருள் ஊழியர், சோழிங்கநல்லூர்
எங்கள் ஆபீஸில் ஏ.சி. 18-ல் ஓடுகிறது. நாங்களே நடுங்கிக்கொண்டுதான் வேலை பார்க்கிறோம். முதல் ஸ்வெட்டரை எங்களுக்கே பின்னிக்கொள்ளலாமா?

உங்கள் குளிருக்கு மருந்து ரிமோட்டில் இருக்கிறது. 24 டிகிரி போதும் என்று மத்திய அரசே சொல்கிறது. 2020-லிருந்து வரும் வீட்டு ஏ.சி.களைப் போட்டவுடன் 24-ல்தான் தொடங்க வேண்டும் என்பது விதி. மேனேஜரிடம் பேசி 24-க்கு ஏற்றுங்கள். மிச்சமாகும் கரண்ட் காசில் மாதம் பத்து உருண்டை நூல் வாங்கித் தரச் சொல்லுங்கள். நடுக்கமும் போகும், நூலும் வரும்.

இல்லத்தரசி, மயிலாப்பூர்
மார்கழிக் கச்சேரிக்கு மஃப்ளர் சுற்றிக்கொண்டு வருகிறவர்களைத் தவிர, சென்னையில் குளிரால் யார் கஷ்டப்படுகிறார்கள்?

சித்திரையிலும் குளிரால் கஷ்டப்படுகிறவர்கள் சென்னையில் இருக்கிறார்கள். வயது இரண்டு நாள், மூன்று நாள்.

ஓர் அரசு மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைகள் வார்டுக்குள் நான் போன அன்று வெளியே கத்தரி வெயில். உள்ளே, ஆயிரத்து நானூறு கிராம் எடையுள்ள ஒரு பெண் குழந்தைக்கு நர்ஸ் குல்லா போட்டுக்கொண்டிருந்தார். பெரிய சாத்துக்குடி அளவு தலை. குல்லா புருவத்தைத் தாண்டி மூக்கு வரை இறங்கியது. நர்ஸ் அதைக் கழற்றி, ஓரத்தை இரண்டு மடிப்பு மடித்து, மறுபடி போட்டார். அதுவும் நழுவியது. கடைசியில் ஒரு பிளாஸ்திரித் துண்டை எடுத்து மடிப்பின் மேல் ஒட்டினார். “நல்ல மனசோட குடுத்துருக்காங்க மேடம். ஆனா இது ஆறு மாசக் குழந்தைக்கான அளவு” என்றார். அந்தக் குல்லாவின் உச்சியில் அழகான ஒரு குஞ்சம் வேறு. குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்தால் அது பின்மண்டையில் அழுத்தியது.

இரண்டரைக் கிலோவுக்குக் கீழே பிறக்கும் குழந்தைக்குத் தோலுக்கு அடியில் கொழுப்பு குறைவு. உடல் பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தலைதான். நமக்கோ அது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. திறந்து கிடக்கும் தலை வழியாகச் சூடு போய்க்கொண்டே இருக்கும். உடல் சூடு 36.5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் டாக்டர்கள் கவலைப்படத் தொடங்குகிறார்கள். பால் குடித்துச் சேர்க்கும் தெம்பையெல்லாம் உடம்பைச் சூடாக்கவே செலவிட்டால் அந்தக் குழந்தை எப்படி எடை ஏறும்? அதனால்தான் குழந்தையைத் தாயின் வெறும் மார்போடு சேர்த்து வைக்கும் ‘கங்காரு’ முறையிலும் தலையில் ஒரு குல்லா உண்டு. 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் போதாத ஓர் ஆஸ்பத்திரியில் தொடங்கிய முறை அது. இன்று உலகமெங்கும் நடக்கிறது.

வங்கி ஊழியர், தஞ்சாவூர்
அப்படியானால் அந்தச் சின்னக் குல்லாவுக்கு அளவு சொல்லுங்கள். எங்கள் கிளையில் ஏழு பேர் தயார்.

ஏழு பேருக்கும் என் நமஸ்காரம். முதல் வேலை, ஊசியை எடுப்பதல்ல. உங்கள் ஊர் ஆஸ்பத்திரி வார்டு சிஸ்டரைப் பார்த்து, “வேண்டுமா, எந்த அளவு, எந்த நூல்?” என்று கேட்பது. சில வார்டுகளில் பருத்திதான் வேண்டும் என்பார்கள். கிருமி பயத்தால் வெளியிலிருந்து எதையுமே வாங்காத வார்டுகளும் உண்டு. அங்கே வற்புறுத்தாதீர்கள்.

தலைச் சுற்றளவு 28 சென்டிமீட்டர் என்று சொன்னால் என் கணக்கு இது: நாலு இழை பேபி நூல், பத்தாம் நம்பர் ஊசி, அதாவது மூன்றே கால் மில்லிமீட்டர். 72 கண்ணி ஏற்றி, இரண்டு நிட், இரண்டு பர்ல் என்று 3 சென்டிமீட்டர். பிறகு முன்பக்கம் நிட், பின்பக்கம் பர்ல். மொத்த உயரம் 9 சென்டிமீட்டர் வந்ததும் உச்சியைக் குறைக்கத் தொடங்கலாம். நிறைமாதக் குழந்தையின் தலை சுமார் 35 சென்டிமீட்டர் இருக்கும். அதற்கேற்பக் கண்ணியைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

பட்டன், ரிப்பன், குஞ்சம், மணி எதுவும் கூடாது. பஞ்சு பஞ்சாக உதிரும் நூல் கூடாது. அது மூச்சில் போகும். கையுறை, சாக்ஸ் பின்னினால் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். தொங்கும் ஓர் இழை குழந்தையின் விரலில் சுற்றிக்கொண்டால் ரத்த ஓட்டமே நின்றுவிடும். துவைத்து, நன்றாகக் காயவைத்து, புதுக் கவரில் போட்டுக் கொடுங்கள். குல்லாவை எத்தனை நாள் போட வேண்டும், தூங்கும்போது எடுக்க வேண்டுமா என்பதை டாக்டர் சொல்வார். அது நம் வேலை இல்லை.

தமிழாசிரியர், பழனி
எங்கள் ஊர்ப் பக்கத்துச் சங்ககால வள்ளல் பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்தான். ஆஸ்திரேலியாவில் பெங்குவினுக்கு ஸ்வெட்டர் பின்னுகிறார்களாமே, இதெல்லாம் தேவையா?

பெங்குவினுக்குத் தேவைப்பட்டது. 2001-ல் பிலிப் தீவின் கடற்பகுதியில் எண்ணெய் கொட்டி 438 குட்டைப் பெங்குவின்கள் சிக்கின. எண்ணெய் பட்டால் இறகுகள் பிரிந்து, குளிர்ந்த தண்ணீர் தோலைத் தொடும். பறவை அலகால் கோதிக் கோதி எண்ணெயையும் விழுங்கும், அது விஷம். குளிப்பாட்டும் வரை கோதவிடாமல் தடுக்கவும் சூடு காக்கவும் ஸ்வெட்டர். அந்த முறை 96 சதவீதப் பறவைகளைக் காப்பாற்றினார்கள். பிறகு உலகத்துப் பாட்டிகளெல்லாம் பின்னி அனுப்ப, தேவைக்கு மேல் குவிந்துவிட்டது. மிச்சத்தைப் பொம்மைப் பெங்குவின்களுக்கு மாட்டி விற்று, அந்தப் பணத்தையும் பறவைகளுக்கே செலவழிக்கிறார்கள். நம் நாட்டிலும் மதுரா யானைக் காப்பகத்தில், கொடுமைப்பட்டு மீட்கப்பட்ட யானைகளுக்கு ஊர்ப் பெண்கள் கம்பளி பின்னிக் கொடுத்தார்கள்.

பேகன் மயிலிடம் கேட்கவில்லை, மயிலால் சொல்லவும் முடியாது. குளிரில் நடுங்குகிறதோ என்று பதறிய அந்த நெஞ்சுக்காக இரண்டாயிரம் வருடமாக அவனைக் கொண்டாடுகிறோம். நாம் கொடுக்கப்போவது மனிதர்களுக்கு. அவர்களிடம் கேட்டுவிட்டே கொடுக்கலாம்.

விற்பனைப் பிரதிநிதி, மதுரை
ஆம்பளை ஊசி பிடித்தால் ஆபீஸே சிரிக்காதா?

காசிமேட்டில் வலை பின்னுகிறவர் யார்? அவரைப் பார்த்து யாராவது சிரித்தது உண்டா? டோக்கியோ ஒலிம்பிக்கில் டைவிங்கில் தங்கம் வாங்கிய பிரிட்டன் வீரர் டாம் டேலி, பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்ததை உலகமே பார்த்தது. பதக்கத்தில் கீறல் விழாமலிருக்க அதற்கு ஓர் உறையே பின்னினார். தன் பின்னல் வேலையை வைத்து, மூளைக்கட்டி நோயாளிகளுக்கான ஓர் அமைப்புக்கு நிதியும் திரட்டினார். அவருடைய அப்பா அந்த நோயில் இறந்தவர். தைரியமாக எடுங்கள்.

அதே வாசகர்
சரி, மீட்டிங்கில் பின்னலாமா?

தலைமை தாங்குகிறவரிடம் கேட்டுவிட்டு, வெறும் நிட் வரிசை மட்டும் பின்னலாம். கண் பேசுகிறவர் மேல் இருக்கும். செல்போன் பார்க்கிறவரைவிட நீங்கள் நன்றாகக் கேட்பீர்கள். எண்ண வேண்டிய டிசைன் என்றால் வீட்டுக்கு எடுத்துப் போங்கள். “டார்கெட் எவ்வளவு?” என்று கேட்கும்போது “நாற்பத்தெட்டு கண்ணி” என்று சொல்லிவிடப் போகிறீர்கள்!

மனிதவள அலுவலர், கோவை
ஆபீஸில் எல்லோரையும் இழுக்க ஏதாவது விளையாட்டாகச் செய்ய முடியுமா?

முடியும். பிரிட்டனில் இன்னசென்ட் என்கிற ஜூஸ் கம்பெனி 2003-ல் ஒன்று தொடங்கியது. மக்கள் பின்னி அனுப்பும் விரல் நீளக் குல்லாக்களை ஜூஸ் பாட்டில் மூடிகளுக்கு மாட்டி விற்றார்கள். குல்லா போட்ட ஒவ்வொரு பாட்டிலுக்கும் சில காசுகள் முதியோர் நல அமைப்புக்குப் போயின. அதே நாட்டில் டிசம்பரில் ஒரு நாள், கோமாளித்தனமான ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஆபீஸுக்கு வந்து, குழந்தைகள் நலனுக்குப் பணம் போடுகிறார்கள்.

உங்கள் ஊரிலேயே, எனக்குத் தெரிந்த ஓர் ஆபீஸில் சென்ற வருடம் போர்வை பின்னினார்கள். ஆளுக்கு ஒரு சதுரம், பக்கம் 20 சென்டிமீட்டர். கணக்குப் பிரிவுக்காரர் நூலை இறுக்கி இறுக்கிப் பின்னியதில் அவர் சதுரம் 15-ல் நின்றது. விற்பனைப் பிரிவு தாராளம், 26! இரண்டையும் மேஜை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் மேனேஜர் உட்பட அத்தனை பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். ரிட்டயர்மென்டுக்கு நாலு மாதம் இருந்த ஒரு சீனியர் அம்மா சின்னச் சதுரங்களைச் சுற்றிக் குரோஷா ஊசியால் கரை கட்டி 20 ஆக்கினார். பெரியவற்றை ஓரத்தில் மடித்துத் தைத்தார். நாற்பத்திரண்டு சதுரம், ஒரே போர்வை. இப்போது ஊட்டிப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில், ஜன்னலோரக் கட்டிலில் படுக்கும் பாட்டியின் காலுக்கு மேல் கிடக்கிறது.

மேனேஜருக்கு ஐஸ் வைக்கிற நேரத்தில் டீ ஃபிளாஸ்க்குக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னி ஏலம் விடுங்கள். லேட்டாக வருகிறவர் பத்து வரிசை பின்ன வேண்டும் என்று விதி வையுங்கள். ஒன்றே ஒன்று: பின்னத் தெரியாதவரைக் கேலி செய்யாதீர்கள். அவர் நூல் வாங்கித் தரட்டும், உருண்டை சுற்றட்டும்.

பனியன் கம்பெனி சூப்பர்வைசர், திருப்பூர்
எங்களுக்கு ஊசி பிடித்துப் பழக்கமில்லை. என்ன செய்ய?

பனியனே பின்னல் துணிதானே! உங்கள் ஊர்த் தொழிலுக்குப் பெயரே பின்னலாடை. மெத்தென்ற பருத்திப் பனியன் துணியில் குட்டிக் குல்லா வெட்டித் தையுங்கள். தையல் வெளிப்பக்கம் இருக்கட்டும். ஒரு மதியத்தில் நீங்கள் தைப்பதை, தஞ்சாவூர் ஏழு பேர் ஒரு மாதத்தில் பின்ன முடியாது.

ஓய்வுபெற்ற ஆசிரியை, திருநெல்வேலி
பழைய ஸ்வெட்டரைக் கொடுத்தால் போதாதா?

நல்லதாக இருந்தால் தாராளமாகக் கொடுங்கள். கிழிந்தது, கறை பட்டது வேண்டாம். 2004 சுனாமிக்குப் பிறகு நம் கடலோரச் சாலைகளில் பழந்துணி மலை மலையாகக் கிடந்ததை மறக்க முடியுமா? வீட்டை இழந்தவர்கள் அதைத் தாண்டித் தாண்டி நடந்தார்கள். ‘கூஞ்ச்’ அமைப்பை 1999-ல் தொடங்கி, 2015-ல் மகசேசே விருது பெற்ற அன்ஷு குப்தா, துணி வாங்குகிறவரின் மானத்தைப் பற்றித்தான் இத்தனை வருடமாகப் பேசி வருகிறார்.

பழைய ஸ்வெட்டரைப் பிரித்தும் பின்னலாம், நம் அம்மாக்கள் செய்ததுதான். பிரிக்குமுன் பக்கத் தையலைப் பாருங்கள். துணியை வெட்டி ஓவர்லாக் அடித்திருந்தால் விட்டுவிடுங்கள், வரிசைக்கு வரிசை நூல் அறுந்து வரும். வெட்டாமல் ஓரத்தோடு ஓரம் கோத்திருந்தால் சரசரவென்று ஒரே இழையாக வரும். சிட்டமாகச் சுற்றி, நனைத்து, அடியில் சின்னக் கனம் கட்டித் தொங்கவிட்டால் சுருக்கம் போய்விடும்.

கல்லூரி மாணவி, குன்னூர்
நல்ல ஊசி எங்கே கிடைக்கும்?

உங்கள் பக்கத்து ஊர் கேத்தியைக் கேளுங்கள்! போனி ஊசிகள் அங்கேதான் தயாராகின்றன.

கடை உரிமையாளர், ஈரோடு
என் மனைவி ஊருக்கெல்லாம் பின்னுகிறார். எனக்கு ஒரு மஃப்ளர்கூட இல்லை.

மயிலுக்குப் போர்வை கொடுத்த அதே பேகன், மனைவி கண்ணகியைப் பிரிந்திருந்தான். (சிலம்புக் கண்ணகி வேறு.) கபிலரும் பரணரும் இன்னும் இரு புலவர்களும் போய் அந்த அம்மாவுக்காகப் பாடினார்கள். எங்களுக்குப் பரிசு வேண்டாம், நீ வீட்டுக்குப் போ என்றே கேட்டார் பரணர். உங்கள் மனைவியிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள். நூலை உருண்டை சுற்றிக் கொடுத்துவிட்டுக் காட்டினால் பலன் நிச்சயம்.

பட்டயக் கணக்காளர், சேலம்
ஒரு போர்வைக்கான நூல் விலையில் ரெடிமேட் போர்வை இரண்டு வாங்கலாம். பிறகு எதற்குப் பின்ன வேண்டும்?

கணக்கு சரி. இன்று ராத்திரி பஸ் ஸ்டாண்டில் நூறு பேர் குளிரில் படுத்திருக்கிறார்கள் என்றால் ஊசியைக் கீழே வைத்துவிட்டு ஓடிப்போய்ப் போர்வை வாங்குங்கள். கடையில் கிடைக்கிறதைக் கடையில் வாங்குவதுதான் நியாயம். 28 சென்டிமீட்டர் தலைக்கான குல்லா எந்தக் கடையில் கிடைக்கிறது? விரல் மடங்கிப்போன ஒரு தாத்தாவின் கைக்கு ஏற்ற உறை எந்தக் கடையில் இருக்கிறது? அங்கே உங்கள் கை வேண்டும்.

சேர்ந்து பின்னினால் எவ்வளவு முடியும் என்பதற்கும் சென்னையே சாட்சி. ‘மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்’ பெண்கள் 2016 ஜனவரி 31 அன்று 11,148.5 சதுர மீட்டர் குரோஷா போர்வையைச் சென்னையில் விரித்து கின்னஸில் ஏறினார்கள். சாதனை முடிந்ததும் அது தனித்தனிப் போர்வைகளாகப் பிரிந்து இல்லாதவர்களுக்குப் போனது.

தஞ்சாவூர் வங்கிக்காரர்கள் ஏழு பேர் தயாராக இருக்கிறார்கள். மற்றவர்கள் இந்த வாரமே உங்கள் ஊர் வார்டு சிஸ்டரிடம் போய் அளவு கேளுங்கள். கேட்ட அளவை, ஊர்ப் பெயரோடு எனக்கு ஒரு தபால் கார்டில் எழுதுங்கள். அடுத்த இதழில் எந்த ஊருக்கு எத்தனை குல்லா, என்ன அளவு என்று பட்டியல் போடுகிறேன். தை பிறப்பதற்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும்.