டொக்டரின் நோர்மல் பித்தப்பை

ஊர் உறங்கிய பிறகு யாழ்ப்பாணத்து மானிப்பாயில் இருந்துகொண்டு அமெரிக்கப் பித்தப்பைகளைக் கையாள்வது என் தொழில். வெட்டுவதென்னவோ அங்குள்ள சத்திரசிகிச்சை நிபுணர்கள்தான். வெட்டியதை அவர்கள் ஒலிப்பதிவில் சொல்ல, காதில் ஹெட்போனும் காலடியில் பெடலுமாக இருந்து நான் ரைப் அடிக்க வேண்டும். நியூயோர்க்குக்கும் எங்களுக்கும் பனிக்காலத்தில் பத்தரை மணித்தியால இடைவெளி. அவர்களுடைய பின்னேரம் எங்களுக்குச் சாமம்.

கூலி வரிக்கு. இடைவெளியும் சேர்த்து 65 எழுத்து ஒரு வரி என்பது இந்தத் தொழிலின் பொதுவான அளவு. ஆகவே சுருக்கமாகப் பேசும் டொக்டர் எங்கள் வயிற்றில் அடிப்பவர். “வழமைபோல வயிற்றை மூடினேன்” என்று ஒரே வசனத்தில் எழும்பிப் போகிறவரை என்ன செய்வது? தோலுக்கு எந்த நூல், உள்ளுக்கு எந்த நூல் என்று விலாவாரியாகச் சொல்பவர்தான் எங்கள் குலதெய்வம்.

வரிக்குக் கூலியென்றால் வேகம் வேண்டும். வேகத்துக்கு, முன்பே அடித்து வைத்து வேண்டியபோது எடுத்து ஒட்டும் மாதிரி அறிக்கைகள் வேண்டும். புதிதாக வருபவர்கள் அவற்றை ஒப்பரேசனின் பெயரால் அடுக்குவார்கள்: அப்பெண்டிக்ஸுக்கு ஒரு போல்டர், ஹேர்னியாவுக்கு ஒன்று, முழங்காலுக்கு ஒன்று. பார்க்க வடிவாக இருக்கும், வேலைக்கு உதவாது. பித்தப்பை எல்லாருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், டொக்டர்மாரின் வாய்தான் வேறு வேறு. ஒருவர் வயிற்றில் நாலு துளை போட்டதிலிருந்து தொடங்குவார். அடுத்தவர் 15 மில்லிமீற்றர் பாதரச அழுத்தத்தில் காபனீரொட்சைட் ஏற்றியதிலிருந்து தொடங்குவார். மூன்றாமவர் பித்தப்பைக் குழாயையும் நாடியையும் கிளிப் போட்டு வெட்டி முடித்த பிறகுதான் நோயாளியை மயக்கிய கதையை நினைத்துக்கொள்வார். ஆகவே முதல் போல்டர் டொக்டரின் பெயரில், ஒப்பரேசன் அதற்குள்ளே.

சிலர் தங்களுக்கென்றே மாதிரி வைத்திருப்பார்கள். “என்னுடைய நோர்மல் பித்தப்பையைப் போடு” என்று பதிவில் ஒரு குரல் வரும், அவ்வளவுதான். நோர்மல் என்றால் ஏன் ஐயா வெட்டினீர்கள் என்று கேட்கப்படாது. வழமையான வர்ணனையை அப்படியே ஒட்டு என்பதுதான் அதன் பொருள்.

ஓர் அறிக்கையை மாதிரியாக எடுத்து வைக்கும் முன், நோயாளி ஆரென்று காட்டிக்கொடுக்கும் எல்லாவற்றையும் துடைக்க வேண்டும். அமெரிக்காவின் 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்த விதிகள் பெயர், முகவரி, திகதி, தொலைபேசி என்று 18 வகை அடையாளங்களைப் பட்டியல் போடுகின்றன. அத்தனையும் போனபின் மிஞ்சுவது ஊரும் பேருமில்லாத ஒரு பித்தப்பை. பக்கத்து வீட்டு மாமிக்கு இது பிடிபடவேயில்லை.

“ஆற்ற பித்தப்பை பிள்ளை?”

“தெரியாது மாமி.”

“எந்த ஊராம்? கலியாணம் கட்டின ஆளோ?”

“அதெல்லாம் அழிச்சுப்போட்டுத்தான் வைக்கோணும்.”

“பேந்து அதை வைச்சு என்ன செய்யிறாய்?”

மாமியில் பிழையில்லை. எங்கள் பத்திரிகைகளில் வரும் மரண அறிவித்தலும் ஒரு மாதிரி அறிக்கைதானே. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட, இன்னாரின் அன்பு மகனும், இன்னாரின் பாசமிகு மருமகனும்... அமெரிக்கா எவற்றையெல்லாம் அழிக்கச் சொல்கிறதோ அவற்றை மட்டும் பொறுக்கி அடுக்கியது போலிருக்கும். என்ன வருத்தத்தில் போனார் என்ற ஒன்றுதான் அதில் இராது.

அமெரிக்காவோடு எங்கள் ஊருக்கு ஒரு பழைய கணக்கும் உண்டு. 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் வைத்தியம் பார்த்த அமெரிக்க மிசன் டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன், 1867இல் ‘இரணவைத்தியம்’ என்று சத்திரசிகிச்சையைத் தமிழில் புத்தகமாகவே தந்தார். அவர் மேல்நாட்டு வெட்டுக்கொத்தைத் தமிழாக்கிக் கொடுத்த ஊரிலிருந்து, நான் அமெரிக்க வெட்டுக்கொத்தை ஆங்கிலத்தில் ரைப் பண்ணித் திருப்பி அனுப்புகிறேன். ஊர்க்கடன் வரிக்கு வரி கழிகிறது.

திரும்பவும் மாதிரி அறிக்கைக்கு வந்தால், அதில் ஒரு கண்டம் உண்டு. அதில் ஒருநாளும் ஒன்றும் பிசகாது. இரத்த இழப்பு சொற்பம், சிக்கல் இல்லை, பஞ்சும் ஊசியும் எண்ணிக்கை சரி, நோயாளி நலமாக வெளியே போனார். ஆள் மேசையில் ஏறும் முன்பே எல்லாம் சுபம். கண்ணை மூடிக்கொண்டு ஒட்டினால் வலது முழங்கால் இடதாகும். எழுபது வயது ஐயாவுக்குக் கர்ப்பப்பை இயல்பாக இருந்ததாக அறிக்கை போகும். அதனால் பக்கம், அளவு, எண்ணிக்கை, இரத்தம் ஆகியவற்றை மாதிரியில் நிரப்பி வைப்பதில்லை. அந்த இடங்களில் மூன்று நட்சத்திரக் குறி இருக்கும். பஞ்சை எண்ணியது தாதி, நானல்ல.

டொக்டர் சான்ட்விச்சைக் கடித்தபடி சொன்ன சொல் பிடிபடாவிட்டால் ஊகிக்கவும் கூடாது. வெற்றிடம் விட்டு, பதிவின் எந்த நிமிடம் என்று குறித்து அனுப்புவதுதான் முறை. இப்போது பேச்சைக் கேட்டுத் தானே எழுதும் மென்பொருள் வந்து, ரைப் அடிப்பது குறைந்து, அது எழுதியதைத் திருத்துவது கூடியிருக்கிறது. வேகத்தில் அதனோடு போட்டி போட ஏலாது. ஆனால் சான்ட்விச்சுக்குள்ளிருந்து வரும் சொல்லுக்கும் அது கூச்சமில்லாமல் ஏதோவொன்றை எழுதிவிடும். “விளங்கேல்லை” என்று ஒப்புக்கொள்ள அதற்கு மனம் வராது. அதைச் சொல்வதற்குத்தான் என்னை இன்னும் வைத்திருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தார் லேசில் சொல்லாத சொல் அது. சம்பளம் தந்தால் சொல்லுவோம்.