உயிர்ப்பயத்துக்கு ஆண்டுச் சந்தா

2025 ஜூலை 4 அன்று, அமெரிக்கச் சுதந்திர தினத்தில், அதிபர் டிரம்ப் வெள்ளை மாளிகையில் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். ‘ஒரே பெரிய அழகான மசோதா’ என்று அவரே அதற்குப் பெயர் சூட்டியிருந்தார். பணக்காரர்களுக்கு வரிச்சலுகை, ஏழைகளின் மருத்துவ உதவியில் வெட்டு, தடுப்புக் காவல் முகாம்களுக்குப் பல்லாயிரம் கோடி என்று நூற்றுக்கணக்கான பக்கங்கள். அவற்றின் நடுவே ஓரிடத்தில் உயிர்ப்பயத்தின் விலையும் அச்சிடப்பட்டிருந்தது: நூறு டாலர்.

“என் நாட்டில் என்னைக் கொன்றுவிடுவார்கள், இங்கே இருக்க விடுங்கள்” என்று அமெரிக்க அரசிடம் மனுக் கொடுக்க 1980ஆம் ஆண்டின் அகதிகள் சட்டம் வந்ததிலிருந்து யாரும் காசு கொடுத்ததில்லை. 45 ஆண்டுகளாக ஒரு வல்லரசு இப்படி ஏமாந்துகொண்டிருந்திருக்கிறது. கொள்கைப் பிடிப்புள்ள கீழவை, தான் நிறைவேற்றிய வடிவில் ஆயிரம் டாலர் போட்டிருந்தது. மேலவைக்குப் போய்த் திரும்பியபோது அது நூறாகிவிட்டது. ஆடி பிறக்க இரண்டு வாரம் இருக்கையிலேயே 90 விழுக்காடு ஆடித் தள்ளுபடி! துரத்தப்பட்டு வருகிறவர்கள் இதற்குமேல் என்ன கேட்பார்கள்?

இதே அதிபரின் முதல் ஆட்சியில் 50 டாலர் விதிக்கப் பார்த்தார்கள். 2020 செப்டம்பரில் கலிபோர்னியாவில் ஒரு கூட்டாட்சி நீதிபதி அதை நிறுத்திவைத்தார். தஞ்சம் கேட்பவரிடம் காசு வாங்கும் நாடுகள் எவை என்று அப்போது பத்திரிகைகள் தேடிப் பார்த்தன. ஆஸ்திரேலியா, ஃபிஜி, ஈரான் என்று மூன்று பெயர்கள் அகப்பட்டன. ஆகவே ஈரானிலிருந்து தப்பி வருகிறவருக்கு இனி அமெரிக்காவில் பாஷை மட்டும்தான் புதிது.

கட்ட வழியில்லாதவர் என்ன செய்வார்? அமெரிக்கக் குடிவரவுச் சேவைத் துறையில் இதற்கென்றே ஒரு பழைய ஏற்பாடு உண்டு. குடும்ப வருமானம் அரசு வகுத்த வறுமைக்கோட்டின் 150 விழுக்காட்டுக்குள் இருந்தால், தனிப் படிவம் நிரப்பி, தான் ஏழைதான் என்று தாள் தாளாக நிரூபித்தால், பல மனுக்களுக்குக் கட்டண விலக்குக் கிடைக்கும். புதிய சட்டத்தை எழுதியவர்கள் இதை மறந்துவிடவில்லை. தஞ்சக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யவும் கூடாது, குறைக்கவும் கூடாது என்று சட்டத்திலேயே எழுதிவைத்துவிட்டார்கள். நாளைக்கு ஏதாவதொரு அதிகாரிக்கு இரக்கம் வந்து தொலைத்தால் அதற்கும் முன்கூட்டியே தடை.

அடுத்தது வேலை அனுமதி. தஞ்ச மனுக் கொடுத்தவர் உடனே வேலைக்குப் போய்விட முடியாது. மனுப் போட்டு 150 நாள் கழிந்த பிறகுதான் வேலை அனுமதி அட்டைக்கே விண்ணப்பிக்கலாம். அட்டை 180 நாளுக்கு முன்னால் வராது. அந்த முதல் அட்டைக்குச் சட்டம் வைத்த விலை 550 டாலர். அதற்கும் விலக்குக் கிடையாது. புதுப்பிக்க 275. ஆக, உழைத்துச் சம்பாதிக்க அனுமதி கேட்கிறவர், உழைக்காமல் சம்பாதித்த 550 டாலரோடு வர வேண்டும். திருடக் கூடாது, சட்டவிரோதமாக வேலை செய்யவும் கூடாது. இரண்டில் எதைச் செய்தாலும் “பார்த்தீர்களா, இந்த ஆட்கள் இப்படித்தான்” என்று தொலைக்காட்சியில் பேச ஆள் தயாராக இருக்கிறது. அரை வருஷம் அவர் எதைச் சாப்பிட்டு உயிரோடு இருக்க வேண்டும் என்று எந்தப் படிவத்திலும் கேள்வி இல்லை.

இவையெல்லாம் சில்லறை. சட்டத்தின் முழு மேதைமையும் ஆண்டுக் கட்டணத்தில்தான் இருக்கிறது. தஞ்ச மனு நிலுவையில் இருக்கும் ஒவ்வொரு ஆண்டுக்கும் மனுதாரர் குறைந்தது இன்னொரு நூறு டாலர் கட்ட வேண்டும். எதற்காக? அரசு இன்னும் முடிவு சொல்லாததற்காக. உலகத்தில் வேறு எந்தக் கடையிலும் சரக்குத் தாமதமானால் வாடிக்கையாளரிடம் அபராதம் வாங்குவதில்லை. இங்கே கோப்பைத் தூக்கி அலமாரியில் வைத்தவரே, அது அலமாரியில் இருந்ததற்கு வாடகை கேட்கிறார்.

அலமாரியில் ஏன் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2018 ஜனவரியில் குடிவரவுச் சேவைத் துறை ஒரு பழைய முறையைத் திரும்பக் கொண்டுவந்தது: கடைசியாக வந்த மனுவை முதலில் விசாரிப்பது. வேலை அனுமதிக்காகவே பொய் மனுப் போடுகிறவர்களைச் சீக்கிரம் பிடிக்கலாமாம். பிடித்தார்களோ இல்லையோ, 2016இல் மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்த மனிதர், தனக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டே வரிசையின் கடைசிக்குப் போய்ச் சேர்ந்தார். அந்த மனிதரிடம்தான் இப்போது காலதாமதக் கட்டணம். அவர் செய்த குற்றம், சீக்கிரம் வந்தது.

அந்தத் துறையின் கையில் மட்டும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட தஞ்ச மனுக்கள் நிலுவையில் கிடக்கின்றன. தலைக்கு நூறு என்றால் ஒருவர் கோப்பைக்கூடத் திறக்காமல் ஆண்டுக்குப் பத்துக் கோடி டாலர். குடிவரவு நீதிமன்றங்களில் குவிந்திருப்பவை தனிக் கணக்கு. சுறுசுறுப்பான ஓர் அதிகாரி, வழக்குகளை மளமளவென்று தீர்த்துவைத்து, அரசுக்கு இப்படியொரு வருமான இழப்பை உண்டாக்குவாரா? அப்படிப்பட்டவரைத் தணிக்கைத்துறை சும்மா விடுமா?

சரி, காசைக் கட்டிவிடலாம் என்று கிளம்பியவர்களுக்கும் ஒரு விளையாட்டு வைத்தார்கள். சேவைத் துறை ஒரு மாதிரி சொன்னது, குடிவரவு நீதிமன்ற நிர்வாகம் வேறு மாதிரி சொன்னது. எப்போது, எங்கே, எந்தப் பக்கத்தில் கட்டுவது என்று தெரியாமல் மனுதாரர்கள் அலைந்தார்கள். கட்டத் தவறினால் மனுவே போய்விடும் என்ற பயம் வேறு. 2025 அக்டோபர் கடைசியில் மேரிலாந்தில் ஒரு கூட்டாட்சி நீதிபதி இந்தக் குழப்பத்தைப் பார்த்து ஆண்டுக் கட்டணத்துக்கு இடைக்காலத் தடை போட்டார். அதே வாரத்தில் சேவைத் துறை, காசோலையும் மணியார்டரும் இனிச் செல்லாது, கார்டு வேண்டும் அல்லது அமெரிக்க வங்கிக் கணக்கு வேண்டும் என்றது. கணக்கு இல்லாதவர் காகிதமாகவே கட்டிக்கொள்ள விலக்கு உண்டு. அந்த விலக்கைக் கேட்பதற்குத் தனியாக ஒரு காகிதம் உண்டு.

விலக்குகள் என்று வந்துவிட்டபடியால், இந்தச் சட்டத்தில் ஈரம் கசியும் ஒரே பகுதிக்குப் போவோம். விசா இல்லாதவரை அவசர மனிதாபிமானக் காரணத்துக்காகத் தற்காலிகமாக உள்ளே விடுவதற்குப் பரோல் என்று பெயர். இந்தச் சட்டம் அதற்கு ஆயிரம் டாலர் விதித்தது. ஆனால் இதில் விலக்குகள் உண்டு, அவற்றைச் சட்டமே வகுத்திருக்கிறது. அமெரிக்காவில் இருக்கும் நெருங்கிய உறவினர் சாகக் கிடக்கிறார், விசா வாங்க நேரமில்லை என்றால் விலக்கு. இறந்தேவிட்டார், அடக்கத்துக்கு விசா வாங்கி வந்துசேர முடியாது என்றாலும் விலக்கு. அங்கிருக்கும் ஒருவருக்கு உறுப்பு தானம் செய்ய அவசரமாக வருகிறவருக்கும் விலக்கு.

கொஞ்சம் நிதானமாகப் படித்தால் ஒரு தத்துவம் தெரியும். உங்கள் தம்பிக்கு அங்கே கை கால் விழுந்துவிட்டது, படுத்த படுக்கை, பார்த்துக்கொள்ள ஆளில்லை: அதிகாரி மனமிரங்கி உள்ளே விட்டாலும் ஆயிரம் டாலரை எடுத்து வையுங்கள். தம்பி செத்துவிட்டானா? அடடா, இலவசமாக வாருங்கள். சாகப்போகிறானா? எத்தனை நாளில்? விசாவுக்கு முன்னாலா, பின்னாலா? சாவு விசாவை முந்தும் என்று அதிகாரியை நம்பவைக்க வேண்டும். உங்கள் உடம்பிலிருந்து ஒரு கிட்னியை அமெரிக்கரிடம் விட்டுப்போக வந்தால் ஒரு காசு வேண்டாம். உடம்பு முழுசாக இருக்க, அந்த உடம்பைக் காப்பாற்றிக்கொள்வதற்காகவே வருகிறவன்தான் கஜானாவுக்குச் சுமை.

பெற்றோரால் அடித்துத் துன்புறுத்தப்பட்டோ கைவிடப்பட்டோ நாதியற்று நிற்கும் சிறுவர்களுக்கென ஒரு மனு இருக்கிறது. அதற்கும் இப்போது 250 டாலர். அப்பா ஓடிப்போன பிள்ளையிடம் 250 டாலர் கேட்கும் தைரியம் எல்லா அரசுக்கும் வந்துவிடாது.

முற்றிலும் இலவசமான மனுக்களே இல்லையா என்றால், இருக்கின்றன. கடுமையான குற்றத்துக்கு ஆளாகி, போலீசுக்கு உதவி, போலீசிடமே அதற்குச் சான்றும் வாங்கியவர்களுக்கான யூ விசா மனுவுக்குக் கட்டணம் கிடையாது. 2000ஆம் ஆண்டின் சட்டப்படி ஆண்டுக்குப் பத்தாயிரம் பேருக்குத்தான் அது கிடைக்கும். வரிசையில் நிற்கிறவர்கள் இரண்டு லட்சத்துக்கு மேல். இன்றைக்கு மனுப் போடுகிற பெண், கத்திக்குத்துக் காயம் ஆறி, தழும்பும் மங்கி, பேரன் பேத்தி எடுத்த பிறகு பாதுகாப்புப் பெறுவாள். காசு வாங்கவில்லை அல்லவா, அவசரப்பட்டால் எப்படி?

விலக்குகளில் சிறந்த விலக்கு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அந்த அரசுக்கு அநியாயம் செய்ததாகிவிடும். 2025 மே மாதம் தென்னாப்பிரிக்காவிலிருந்து வெள்ளையர் 59 பேரை, அமெரிக்க அரசு காசு கொடுத்து அமர்த்திய விமானத்தில் அகதிகளாக அழைத்துவந்தது. விமான நிலையத்தில் கொடி கொடுத்து வரவேற்றார்கள். உலகம் முழுவதற்கும் ஆண்டுக்கு 1,25,000 என்று இருந்த அகதிகள் உச்சவரம்பு, 2026 நிதியாண்டுக்கு 7,500 ஆகச் சுருங்கியது. அதிலும் பெரும்பகுதி அவர்களுக்கே என்று அரசிதழ் அறிவிப்பே சொல்கிறது. சூடான் முகாம்களில் இருப்பவர்கள் தோலையும் இணைத்து அனுப்ப மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது.

நம்மவர் ஒருவர் கதையும் இதில் இருக்கிறது. இலங்கைத் தமிழ் விவசாயி. 2017இல் மெக்சிகோ வழியாகக் கலிபோர்னியாவுக்குள் எல்லை தாண்டினார். தாண்டி 25 கெஜம் வந்ததும் பிடித்துவிட்டார்கள். வேனில் வந்தவர்கள் தன்னைக் கடத்திப்போய் அடித்ததாகச் சொன்னார். அடித்தவர்கள் யார், ஏன் அடித்தார்கள் என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆகவே அவருடைய பயம் நம்பத்தக்கதல்ல என்று அதிகாரி முடிவு கட்டினார். இலங்கையில் வேனில் வந்து ஆள் தூக்குகிறவர்கள் விசிட்டிங் கார்டு கொடுத்துவிட்டுப் போவதில்லை என்பது அந்த அதிகாரிக்கு எப்படித் தெரியும்? வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. இந்த முடிவை நீதிமன்றத்தில் எதிர்க்க அவருக்கு உரிமையில்லை என்று 2020 ஜூனில் 7க்கு 2 என்று தீர்ப்பானது.

அவர் அதிர்ஷ்டசாலி, பழைய விலையில் வந்துவிட்டார். சோதனைச் சாவடி அல்லாத இடத்தில் எல்லை தாண்டிப் பிடிபட்டால் 5,000 டாலர் என்று 2025 சட்டம் விலை வைத்தது. 25 கெஜத்துக்கு வகுத்தால் கெஜம் 200 டாலர். வழக்கு நடந்து தோற்றால் மேல்முறையீடு செய்யலாம். 110 டாலராக இருந்த அந்தக் கட்டணம் இப்போது ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. நீதி இன்னும் விற்பனைக்கு வரவில்லை. நுழைவுச்சீட்டு மட்டும்தான் விற்கிறார்கள்.

“எங்கள் வரிப்பணத்தில் ஏன் இவர்களுக்குச் செய்ய வேண்டும்?” என்று கேட்கிறார்கள். கேட்பவர்களில் டெக்சாசிலும் நியூ ஜெர்சியிலும் பெரிய வீடு கட்டிக் குடியிருக்கும் நம் மாமாக்களும் உண்டு. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் “நாங்கள் முறையாக வரிசையில் நின்று வந்தோம்” என்று எழுதுகிறவர்கள். மாமா, குடிவரவுச் சேவைத் துறையின் செலவில் ஏறத்தாழ 96 விழுக்காடு வரிப்பணமே கிடையாது. மனுதாரர்கள் கட்டும் கட்டணத்தில்தான் நடக்கிறது. தஞ்ச மனுக்களின் செலவுக்கென்று 2024 ஏப்ரல் முதல் எச்-1பி வேலை விசா மனு ஒன்றுக்கு 600 டாலரைப் பெரிய நிறுவனங்களிடம் வாங்குகிறார்கள். கொடுப்பது உங்கள் கம்பெனி, கோபம் மட்டும் உங்களுடையது.

அகதிக்கு விலை வைத்தபோது இந்த மாமாக்கள் கட்டைவிரல் உயர்த்தினார்கள். ஜூலை போய், ஆகஸ்ட் போய், செப்டம்பர் 19 வந்தது. அன்று அதிபர் இரண்டு காகிதங்களில் கையெழுத்திட்டார். ஒன்று தங்க அட்டை: பத்து லட்சம் டாலரை அமெரிக்காவுக்கு அன்பளிப்பாகக் கொடுப்பவருக்கு நிரந்தரக் குடியிருப்பு. அந்த அன்பளிப்பே அவருடைய அசாதாரணத் திறமைக்குச் சான்றாகக் கொள்ளப்படுமாம். இன்னொன்று: வெளிநாட்டிலிருந்து புதிதாக எடுக்கும் எச்-1பி ஊழியர் ஒருவருக்கு ஒரு லட்சம் டாலர்.

அந்த வார இறுதியில் சென்னையிலும் ஐதராபாத்திலும் விடுமுறைக்கு வந்திருந்தவர்கள், கல்யாணத்துக்கு வந்திருந்தவர்கள், யாருக்குப் பொருந்தும் யாருக்குப் பொருந்தாது என்று தெரியாமல் விமானத்தைப் பிடிக்க ஓடினார்கள். வாட்ஸ்அப் குழுவில் கட்டைவிரல்கள் மறைந்து கேள்விகள் முளைத்தன. முதல் கேள்வி, ஏதாவது விலக்கு உண்டா?

உண்டு மாமா. பிரகடனத்திலேயே இருக்கிறது. நீங்கள் வருவது அமெரிக்காவின் தேச நலனுக்கு உகந்தது என்று உள்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சர் கருதினால் போதும். மனுப் போட்டுவிட்டு வரிசையில் நில்லுங்கள். முறையாக நிற்பது உங்களுக்குப் பழக்கம்தானே.