பின்பக்கம் இல்லாத அட்டை

பாட்டைக் கேட்பதற்கு முன்பே இசைத்தட்டின் அட்டைப்படத்தைப் பார்த்துச் சொக்கிப்போன காலம் ஒன்று இருந்ததாம். அப்படி எழுதுகிறவர்களைப் படித்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும். அவர்கள் எந்த ஊரில் வளர்ந்தார்களோ!

தாராபுரத்தில் எங்கள் அப்பாரு, அதாவது தாத்தா, சேர்த்து வைத்திருந்த 78 சுழல் தட்டுகளுக்கு அட்டையே கிடையாது. நடுவில் வட்டமாக ஓட்டை போட்ட பழுப்புக் காகித உறைதான். ஓட்டை வழியே கிராமபோன் முன்னால் உட்கார்ந்திருக்கும் நாய் எட்டிப் பார்க்கும். காதல் பாட்டுக்கும் நாய், முருகன் பாட்டுக்கும் அதே நாய். இசைத்தட்டுக்கு ஒரு படம் வரைந்து விற்றால் என்ன என்ற யோசனை 1940 வாக்கிலேயே அமெரிக்காவில் கொலம்பியா கம்பெனியின் அலெக்ஸ் ஸ்டைன்வைஸுக்கு வந்துவிட்டது. அது அமராவதி ஆற்றைத் தாண்டி எங்கள் தெருவுக்கு வருவதற்குள் அப்பாருவுக்குக் காது மந்தமாகிவிட்டது.

வந்த படமும் பெரும்பாலும் சினிமா ஸ்டில்தான். கதாநாயகன் ஒரு மூலையில், கதாநாயகி எதிர் மூலையில், நடுவில் ஏதாவது பூ. அதிலும் ஊர் ஜனம் பாட்டைக் கேட்டது வேப்பமரத்தில் கட்டிய குழாயில். எங்கள் ஊர் நாகேஷ் தருமியாகப் புலம்பும் ‘திருவிளையாடல்’ (1965) வசனத் தட்டு நோம்பிக்கு நோம்பி ஓடும். ஊரே மனப்பாடமாக ஒப்பிக்கும். அதன் அட்டையைப் பார்த்தவர் அநேகமாக மைக்செட்டுக்காரர் ஒருவர்தான்.

பிறகு கேசட் வந்தது. பன்னிரண்டு அங்குல எல்.பி. அட்டையில் இருந்த கதாநாயகன் உள்ளங்கை அளவுக்குச் சுருங்கினார். அதிலும் ஏ சைடில் ஒரு படம், பி சைடில் இன்னொரு படம் என்று கம்பெனிகள் சிக்கனம் பிடித்ததால், அட்டையைப் பாதியாகப் பிரித்தார்கள். திரையில் சேர்ந்தே நடிக்காத நாயகர்கள் எங்கள் வீட்டுக் கேசட் பெட்டியில் பங்காளிகளாகக் குடித்தனம் நடத்தினார்கள்.

ஆனால் நான் பார்த்த அசல் ஓவியர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்த அண்ணன். கோடு போட்ட தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக்கொண்டு போய் நிற்போம். அறுபது நிமிஷக் கேசட் என்றால் பக்கத்துக்கு ஆறு பாட்டு. பட்டியலை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “ஏனுங் தம்பி, இத்தன சோகமா? நடுவால ஒரு டூயட்டு போட்டுக்கலாமுங்களா?” என்பார். நாலு நாள் கழித்துப் போனால் வெள்ளை அட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் கோடிழுத்து, பாட்டு, படம், பாடியவர் என்று மணிமணியான எழுத்தில் எழுதித் தருவார். முகப்பில் சினிமாப் பத்திரிகையிலிருந்து வெட்டிய ஒரு நடிகை. அவருக்கும் உள்ளேயிருந்த பாட்டுக்கும் சம்பந்தம் இருந்ததில்லை. சட்டப்படி அது திருட்டுத்தான். ஆனாலும் பாடியவர் பெயரை ஒழுங்காகப் போட்ட திருட்டு.

இப்போதுதான் அட்டைப்படக் கலை உச்சத்தில் இருக்கிறது, சந்தேகமே வேண்டாம். பக்கத்துக்கு 3000 பிக்ஸல் என்று சதுரமாகக் கேட்கிறார்கள். ஒரு படத்துக்கு ஒரு அட்டை போதாது. ஃபர்ஸ்ட் சிங்கிளுக்கு ஒன்று, செகண்ட் சிங்கிளுக்கு ஒன்று, மொத்த ஆல்பத்துக்கு ஒன்று. நாயகன் முகத்தில் தெறித்த ரத்தம் சொட்டுச் சொட்டாகத் தெரிகிற நேர்த்தி. அத்தனையும் என் ஃபோனில் கட்டைவிரல் நகம் அளவு வந்து நிற்கிறது. படம் மட்டும் போதாதென்று ஸ்பாட்டிஃபையில் மூன்றிலிருந்து எட்டு விநாடிக்கு அசையும் படமும் போடலாம். அது அசையும்போது ஃபோன் சட்டைப் பையில் இருக்கிறது.

மகள் எனக்காக ஒரு பிளேலிஸ்ட் போட்டுக் கொடுத்தாள். முதல் நாலு பாட்டின் அட்டைகளைச் செயலியே ஒட்டிச் சதுரமாக்கிக் கொண்டது. எங்கள் அண்ணன் நடிகையை வெட்டி ஒட்டிய அதே வேலைதான், கத்தரிக்கோல் மட்டும் இல்லை. “யாரு எழுதுன பாட்டு கண்ணு இது?” என்றேன். “எதுக்குப்பா?” என்றாள். நியாயமான கேள்வி. பக்கத்து உடுமலைக்காரரான நாராயணகவி பெயரைப் பாட்டுப் புத்தகத்தில் விரல் வைத்துக் காட்டி, “நம்ம பக்கத்துக்காரரு” என்று மீசையை நீவிக்கொண்ட அப்பாருவைப் பற்றி அவளுக்கு எப்படிச் சொல்வது? 2018 முதல் ஸ்பாட்டிஃபையிலும் எழுதியவர் பெயர் காட்டும் வசதி உண்டு. மூன்று புள்ளியை அமுக்கி, கீழே தள்ளிக்கொண்டே போக வேண்டும். போனாலும் பழைய பாட்டுகளில் பல சமயம் கவிஞரைத் தவிர மற்றவர்கள் இருப்பார்கள்.

ஆக, என்னைப் போன்றவர்கள் இழந்தது முன்பக்கத்தை அல்ல. அது நாயாகவோ ஸ்டில்லாகவோ எப்போதும் சுமாராகத்தான் இருந்தது. எழுதியவர், பாடியவர் பெயர் போட்ட பின்பக்கம்தான் போய்விட்டது.

போன மாதம் கோயம்புத்தூரில் மகள் ஒரு காப்பிக்கடைக்குக் கூட்டிப்போனாள். சுவர் முழுக்க இளையராஜாவின் எல்.பி. அட்டைகள், கண்ணாடிச் சட்டம் போட்டு. ஒன்றில் எனக்குப் பிடித்த பாட்டு இருந்தது. கூடப் பாடிய பெண் குரல் யாருடையது என்று ரொம்ப நாள் சந்தேகம். பின்பக்கத்தைப் பார்க்கலாமா என்று பரிமாறிய பையனைக் கேட்டேன்.

“திருப்ப முடியாதுங்ணா. ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருக்குது” என்றான். “தட்டும் உள்ள இல்லீங்.”