கங்கைத் தண்ணி, சிங்கக் கிணறு, கீழணைக் கல்

முதலாம் ராஜேந்திர சோழருக்குக் காவிரித் தண்ணீர் சலித்துவிட்டது. 1023 வாக்கில் தளபதியைக் கூப்பிட்டு, கங்கையை எடுத்துவரச் சொன்னார். மன்னரே போகக் கூடாதா என்று கேட்க அங்கே யாருக்கும் துணிச்சல் இல்லை. தளபதி போனார், அடித்தார், தோற்ற ராஜாக்களையே தண்ணீர் சுமக்க வைத்தார். கூலி மிச்சம். நம் மன்னர் கோதாவரிக் கரைவரை எதிரே போய்ச் சரக்கை வாங்கிக்கொண்டார். எல்லாம் திருவாலங்காட்டுச் செப்பேட்டில் இருக்கிறது.

கங்கைகொண்ட சோழபுரம் என்று புது ஊர், சோழகங்கம் என்று ஓர் ஏரி. கல்லில் நடாமல் தண்ணீரிலேயே வெற்றித்தூண் நட்டார் என்று செப்பேட்டுக் கவிஞர் புல்லரிக்கிறார். ஏரிக்கரையின் நீளம் 16 மைல், கொள்ளிடத்திலிருந்து வாய்க்கால் என்று 19-ஆம் நூற்றாண்டுக் குறிப்பு ஒன்று சொல்கிறது. ஆக நிரப்பியது கொள்ளிடம், பேர் வாங்கியது கங்கை. இன்று அதைப் பொன்னேரி என்கிறார்கள்.

அந்தப் புது ஊர்க் கோயிலுக்கு வடக்கே சிங்கக் கிணறு. சுதைச் சிங்கம் ஒன்று ராஜகம்பீரமாக உட்கார்ந்திருக்கும். அதன் உடம்பிலேயே வாசல், உள்ளே கிணற்றுக்கு இறங்கும் படி. "கங்கைத் தண்ணிய இதுலதான் சார் ஊத்துனாங்க" என்பார்கள். நாமும் நம்பி, சிங்கத்தோடு செல்பி எடுத்துக்கொள்வோம். ஆனால் வாசலில் உள்ள கல்வெட்டு 19-ஆம் நூற்றாண்டு எழுத்து. வேலையைச் செய்தவர் உடையார்பாளையம் ஜமீன்தார் என்று அது கூசாமல் சொல்கிறது. பாவம் ஜமீன்தார்! காசு போட்டது அவர், கைதட்டல் ராஜேந்திரனுக்கு.

கிழக்கிந்தியக் கும்பெனிக்காரர்கள் வந்தார்கள். அவர்கள் தண்ணீர் கொண்டுவரவில்லை, கல்லைக் கொண்டுபோனார்கள். 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்ட, கோயில் மதிலைப் பெயர்த்தார்கள். குவாரிக்கு அலைவானேன், சோழன் செதுக்கியே வைத்திருக்கிறானே! ஊர் ஜனங்கள் மறித்துப் பார்த்தார்கள், கிடைத்தது தண்டனை. கூடவே ஒரு வாக்குறுதி: கல் மதிலுக்குப் பதில் செங்கல் சுவர் கட்டித் தருகிறோம். கடைசிவரை கட்டவில்லை என்று அந்தக் காலத்து ஆங்கிலக் குறிப்பே வருத்தப்படுகிறது. கங்கைக்கரை ராஜாக்களாவது சொன்ன சுமையைக் கொண்டுவந்து சேர்த்தார்கள்.