வகுப்புக்குப் போகும் முன் என்ன படிக்கலாம்?

கே: பி.எட். முடித்து முதல் வேலையில் சேரப் போகிறேன். ஒரே ஒரு புத்தகம் சொல்லுங்களேன்!
– புதிய ஆசிரியை, மணப்பாறை

ப: கிஜுபாய் பதேக்கா எழுதிய 'பகல் கனவு'. 1930-களின் தொடக்கத்தில் குஜராத்தியில் வந்தது, தமிழிலும் கிடைக்கிறது. கிஜுபாய் வக்கீல். மகன் பிறந்த பிறகு மாண்டிசோரியைப் படித்தவர், கோர்ட்டை விட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார். கதையில் வரும் ஆசிரியர் நாலாம் வகுப்பைக் கேட்டு வாங்குகிறார். முதல் நாள் பிள்ளைகளை அமைதியாக உட்காரவைத்துப் பார்க்கிறார்; வகுப்பு சந்தைக்கடை ஆகிறது. போட்டுவைத்த திட்டத்தை மூட்டை கட்டிவிட்டு மறுநாள் கதை சொல்ல ஆரம்பிக்கிறார். அதே பிள்ளைகள் அசையாமல் கேட்கிறார்கள். உங்கள் முதல் நாளும் அப்படித்தான் இருக்கும். இரண்டாம் நாள் தைரியமாகப் போவதற்கு இந்தப் புத்தகம் வேண்டும்.

கே: 'டோட்டோ சான்' படி, படி என்கிறார்களே, அப்படி என்னதான் இருக்கிறது?
– பட்டதாரி ஆசிரியர், தென்காசி

ப: டெட்சுகோ குரோயாநாகியின் சொந்தப் பள்ளிக்கதை அது. ரயில் பெட்டி வகுப்பறைகளைத்தான் எல்லோரும் சிலாகிக்கிறார்கள். எனக்குப் பிடித்தது வேறு இடம். சிறுமியின் பர்ஸ் கழிப்பறைக் குழிக்குள் விழுந்துவிடுகிறது. நீளக் கரண்டியால் குழியை அள்ளி அள்ளி வெளியே கொட்டுகிறாள். அந்த வழியாக வந்த தலைமையாசிரியர் கோபயாஷி என்ன ஏது என்று விசாரித்துவிட்டுப் போய்விடுகிறார். திரும்பி வரும்போது மலைபோலக் குவிந்திருக்கிறது. வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் திரும்ப உள்ளே போட்டுவிடுவாய் அல்லவா என்று மட்டும் கேட்கிறார். அதட்டவில்லை, உதவிக்கும் ஆள் அனுப்பவில்லை. அவளும் போட்டுவிடுகிறாள். இதைப் படித்தபின் ஒரு பிள்ளையை அதட்ட வாய் திறக்கும்போது நிச்சயம் ஒரு கணம் தயங்குவீர்கள்.

கே: நான் முகம் சுளித்தால் போதும், டியூஷன் பையன் விடையை மாற்றிவிடுகிறான். புத்திசாலிதானே?
– டியூஷன் ஆசிரியர், மதுரை

ப: மகா புத்திசாலி. கணக்கை விட்டுவிட்டு உங்களைப் படிக்கிறான்! பிள்ளைகள் ஏன் தோற்கிறார்கள் என்று ஜான் ஹோல்ட் 1964-இல் எழுதிய புத்தகத்தில் இதே வித்தை வருகிறது. பெயர்ச்சொல், வினைச்சொல், பெயரடை என்று கரும்பலகையில் மூன்று பத்தி. ஆசிரியை ஒரு சொல்லைச் சொன்னதும், சரியான பத்திப் பக்கம் அவரை அறியாமலே உடம்பு லேசாகத் திரும்பிவிடும். பிள்ளைகள் அதைப் பார்த்தே விடை சொல்லிவிடுவார்கள். இலக்கணம் ஒருவருக்கும் வந்திருக்காது. சரியான விடைக்கும் 'எப்படிக் கண்டுபிடித்தாய்?' என்று கேட்டுப் பழகுங்கள். முகத்தைப் பார்த்துச் சொன்ன விடை அங்கே நிற்காது.

கே: எமிஸ் பதிவு முடிக்கவே பொழுது போய்விடுகிறது. படிக்க ஏது நேரம்?
– இடைநிலை ஆசிரியை, செய்யாறு

ப: இரா. நடராசனின் 'ஆயிஷா' படியுங்கள். ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆசிரியை ஒருவர் தன் அறிவியல் நூலுக்கு எழுதும் முன்னுரை வடிவில் கதை போகிறது. கேள்வி கேட்டதற்காக அடி வாங்கும் சிறுமி. படித்த இரவு தூக்கம் வராது, சொல்லிவிட்டேன்.

கே: படிக்காத பையனைப் பெயில் போட்டால் தப்பா?
– கணித ஆசிரியர், ஓசூர்

ப: அந்தப் பையன்களே பதில் எழுதியிருக்கிறார்கள். இத்தாலியில் பார்பியானா என்ற மலைக்கிராமம். லொரென்சோ மிலானி என்ற பாதிரியார் அங்கே நடத்திய பள்ளியின் மாணவர்கள் எட்டுப் பேர், பெயிலாக்கிய டீச்சருக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். 1967-இல் அது புத்தகமானது. அடுத்த மாதமே மிலானி இறந்துபோனார். தமிழில் 'எங்களை ஏன் டீச்சர் பெயிலாக்கினீங்க?' என்று வந்திருக்கிறது. வெறும் புலம்பல் இல்லை. எந்த வீட்டுப் பிள்ளை எந்த வகுப்பில் நின்றுபோனது என்று புள்ளிவிவரத்தோடு அடுக்குகிறார்கள். துண்டுச் சீட்டுகளில் குறிப்பெடுத்து, வரிசைப்படுத்தி, வேண்டாததை வெட்டி, எட்டுப் பேரும் சேர்ந்து எழுதியது. இப்படி எழுதத் தெரிந்தவர்களுக்கா பெயில் போட்டார்கள் என்று எனக்கு ஆத்திரமே வந்தது. விடைத்தாள் திருத்தும் பருவத்துக்கு முன்னால் படித்துவிடுங்கள் சார்.

கே: பிளஸ் டூ கணக்கு டியூஷனுக்கு உருப்படியாக ஏதாவது?
– இல்லத்தரசி, திருநின்றவூர்

ப: ஜார்ஜ் போல்யா 1945-இல் எழுதிய புத்தகத்தைப் படியுங்கள். கணக்கைத் தீர்ப்பதை நாலு படியாகப் பிரிக்கிறார்: புரிந்துகொள், திட்டமிடு, செய், திரும்பிப் பார். நாலாவதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். விடை வந்ததும் அடுத்த கணக்குக்குத் தாவாமல், வேறு வழியில் இதே விடை வருமா என்று ஐந்து நிமிடம் பேசவிடுங்கள். அன்றைக்கு இரண்டு கணக்கு குறைந்தால் குறையட்டும்.